பழைய ஜாவா, புல்லட்டுக்கு ஒயரிங் பண்றப்ப செய்யக்கூடாத தப்புங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய ஜாவா, எஸ்டி, புல்லட் எடுத்து ரெடி பண்றவங்க பெயிண்டுக்கும் குரோமுக்கும் காசைக் கொட்டிட்டு ஒயரிங்க மட்டும் கடைசில ஒரே நாள்ல முடிச்சுடலாம்னு பாக்கறாங்க. அப்புறம் லைட் மங்கலா எரியுது, பேட்டரி நிக்கல, உடனே டைனமோ (இன்ஜின் ஓடறப்ப கரண்ட் தயாரிக்கறது) போச்சுன்னு முடிவு கட்டி பெங்களூரு ஜேசி ரோடு வரைக்கும் போய் பார்ட்ஸ் தேடறாங்க. தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க, நிறைய வண்டில டைனமோ நல்லாத்தான் இருக்கும், கோளாறு எர்த்துல, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பற வழில.

ஃப்ரேமுக்கு புதுசா பவுடர் கோட்டிங் அடிச்சிருப்பீங்க. பழைய வண்டில கரண்ட் பேட்டரிக்குத் திரும்பறதே அந்த ஃப்ரேம் வழியாத்தான், நடுவுல பெயிண்ட் இருந்தா எப்படி திரும்பும்? அதுவும் ஹெட்லைட் எர்த் ஸ்டீயரிங் பேரிங் குண்டு வழியா வரணும், அங்க பூரா கிரீஸ். எர்த் போல்ட் உக்கார்ற எடத்த மட்டும் உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சுனு தெரியற வரைக்கும் தேய்ங்க, போல்ட்ட முடுக்குனதும் மேல வேஸ்லின் தடவிடுங்க, துரு ஏறாது. என்னைக் கேட்டா ஹெட்லைட், டெயில் லைட் ரெண்டுல இருந்தும் தனி எர்த் ஒயர் இழுத்து நேரா பேட்டரிலயே சேர்த்துடறதுதான் நல்லது.

ஹெட்லைட் பேட்டரில ஓடற வண்டின்னா செக் பண்றது ஈஸி. லைட்ட போட்டுட்டு மல்டிமீட்டர டிசி 20 வோல்ட்ல வச்சு, ஒரு முனைய பல்பு ஹோல்டர் உடம்புலயும் இன்னொன்ன பேட்டரியோட எர்த் முனைலயும் வைங்க. கிட்டத்தட்ட சைபர் காட்டணும். அரை வோல்ட் காட்டுச்சுன்னா 6 வோல்ட் வண்டில வெளிச்சம் சுமார் கால்வாசி காலி, ஏன்னா வோல்ட் கொஞ்சம் இறங்குனாலே பல்பு வெளிச்சம் அதைவிட வேகமா இறங்கிடும். ராத்திரி தொப்பூர் கணவாய்ல இறங்கறப்பவோ அஞ்செட்டி ரோட்டுல யானை நிக்குதான்னு பாக்கறப்பவோ அந்த கால்வாசி ரொம்ப முக்கியம்ங்க.

அடுத்தது ஒயர். வீட்டு ஒயரிங்ல மிஞ்சுன ஒத்தைக்கம்பி ஒயர போடவே போடாதீங்க, வண்டி அதிர்ற அதிர்வுல உள்ளயே ஒடிஞ்சுடும், வெளிய பாத்தா தெரியாது. 35 வாட் பல்பு 12 வோல்ட்ல 3 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட் வண்டில அதே 35 வாட்டுக்கு வர்ற பல்பு 6 ஆம்பியர் கிட்ட இழுக்கும், அதனால 6 வோல்ட் வண்டிக்குத்தான் தடி ஒயர் வேணும், மெயின் லைனுக்கும் ஹெட்லைட்டுக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் பல இழை ஒயர் போடுங்க. முறுக்கி டேப் சுத்துன ஜாயிண்ட் நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு பசை உருகி அவுந்துடும், லக் (ஒயர் முனைல மாட்டற உலோகக் கொக்கி) போட்டு நல்லா அழுத்தி மேல ஹீட் ஸ்லீவ் (சூடு பண்ணா சுருங்கிப் பிடிக்கற குழாய்) மாட்டுங்க.

வெளிச்சம் பத்தலன்னு பெரிய ஹாலஜன் மாட்டறதும் தப்பு. பழைய ஜாவா 250 டைனமோ குடுக்கறதே 6 வோல்ட்ல 45 வாட், அதுல ஹெட்லைட் 35, டெயில் லைட் 5, மிச்சத்துலதான் இக்னிஷன் காயிலும் ஓடணும். கூட இழுத்தா பேட்டரிதான் காலியாகும்.

லூகாஸ் கம்பெனி எலக்ட்ரிக் செட்டு இருக்கற பழைய இங்கிலீஷ் வண்டிங்கள்ல, பிஎஸ்ஏ, டிரயம்ப் மாதிரி, நிறையத்துல பிளஸ்தான் எர்த். தெரியாம மைனஸ பாடில குடுத்துட்டா ரெக்டிஃபையர் (ஏசி கரண்ட டிசியா மாத்தறது) இருக்கற வண்டில அது உடனே போயிடும், மாட்டறதுக்கு முன்னாடி உங்க மாடலோட டயகிராம பாத்துக்கோங்க. ஃபியூஸ் கம்பெனில வரலன்னாலும் பேட்டரி பக்கத்துல ஒரு 15 ஆம்பியர் போட்டே ஆகணும், டேங்குக்கு அடில ஒயர் நசுங்கி ஷார்ட் ஆனா மேல இருக்கறது பெட்ரோல்.

சார்ஜிங் ஏறுதான்னு பாக்க இன்ஜின் ஓடறப்ப பேட்டரி ஒயர கழட்டிப் பாக்கற பழக்கம் இன்னும் இருக்கு, வேண்டாம், வோல்ட் எகிறி பல்பெல்லாம் ஒண்ணா ஃபியூஸ் ஆகிடும். மீட்டர பேட்டரில வச்சு லேசா ரேஸ் குடுங்க. 6 வோல்ட்டுன்னா 7ல இருந்து 7.2, 12 வோல்ட்டுன்னா 13.8ல இருந்து 14.4 வந்தா போதும். ஐடில்ல லைட் போட்டா ஆம்பியர் மீட்டர் முள்ளு மைனஸ் பக்கம் சாயறது சகஜம், அதப் பாத்து பயந்து டைனமோவ பிரிக்காதீங்க. ரோட்டுல ஓட்டறப்பவும் மைனஸ்லயே நின்னாதான் கட்-அவுட்டையும் (டைனமோவ பேட்டரியோட சேர்த்து விடற, பிரிச்சு விடற சுவிட்ச்), டைனமோக்குள்ள இருக்கற கார்பன் பிரஷ்ஷையும் பாக்கணும்.