ரெஸ்டோரேஷன் கால இங்கிலீஷ் கவிதையை எப்படி படிக்கிறது

வேலூர், குடியாத்தம் பக்கம் பிஏ இங்கிலீஷ் சேர்ற பசங்க நிறைய பேர் தமிழ் மீடியம்தான், அந்தக் காலத்து கவிஞர் டிரைடன் பேரை பார்த்ததும் பயந்துடுறாங்க. பயமே வேணாம். 1660-ல ரெண்டாம் சார்லஸ் இங்கிலாந்துக்கு திரும்பி வந்து ராஜா ஆனாரே, அதைத்தான் ரெஸ்டோரேஷன்றாங்க, அதுக்கு அப்புறம் வந்த கவிதைங்க இது, ரெண்டு ரெண்டு அடியா வாழ்க்கையை யோசிக்கிறது குறள் படிச்சு வளர்ந்த நமக்கு புதுசு இல்லையே.

முதல்ல வாய்விட்டு படிங்க. வெயில் இறங்கினதும் மொட்டை மாடியிலயோ கோட்டை பார்க்லயோ உக்காந்து விரல் விட்டு எண்ணுங்க, "டிம் ஆஸ் த பாரோட் பீம்ஸ் ஆஃப் மூன் அண்ட் ஸ்டார்ஸ்", சரியா பத்து சிலபிள். 1682-ல வந்த டிரைடனோட ரிலீஜியோ லெய்சின்ற கவிதை இப்படித்தான் ஆரம்பிக்குது. ரெண்டடிக்கு ஒரு ரைம், நம்ம இயைபு மாதிரி கடைசியில வரும், இதுதான் ஹீரோயிக் கப்லெட்.

ஆனா அடி முடிஞ்ச இடத்துல அர்த்தம் முடிஞ்சிடாது, இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. அந்த வாக்கியத்துக்கு வினையே மூணாவது அடியிலதான் வருது, முதல் அடியோட நின்னுட்டா ஏதோ நிலா பாட்டுன்னு தோணும். முழுசா படிச்சாதான் இன்னா சொல்றாருன்னு தெரியும்: ராத்திரி தனியா நடந்து களைச்சவனுக்கு நிலா, நட்சத்திரத்தோட கடன் வெளிச்சம் எவ்ளோ மங்கலோ, ஆன்மாவுக்கு பகுத்தறிவும் அவ்ளோ மங்கல். கொஞ்சம் தள்ளி ரே, வே, டேன்னு மூணு அடி ஒரே ரைம்ல வரும், அங்க நிதானமா போங்க, அந்த பகுத்தறிவு வெளிச்சம் சந்தேகமான பாதையை உறுதி பண்ண இல்ல, மேல ஒரு நல்ல பகலுக்கு கூட்டிட்டு போகத்தான்னு மெயின் பாயிண்ட்டை அங்கதான் வெச்சிருக்காரு.

அப்புறம் இவருக்கு எதிர்ப்பேச்சு பேசுற கவிதை ஒண்ணை பக்கத்துல வைங்க. சில வருஷம் முன்னாடியே ரோச்செஸ்டர்னு இன்னொரு கவிஞர் மனுஷனையும் பகுத்தறிவையும் சாடி ஒரு சட்டயர், அதாவது கிண்டல் கவிதை, எழுதிட்டாரு. அவருக்கு பகுத்தறிவுன்னா சதுப்புல அலையவிடுற கொள்ளிவாய்ப் பிசாசு, நம்பி பின்னாடி போனவன் சேத்துலயும் முள்ளுலயும் மாட்டி அலைஞ்சு, கடைசியில முதுமையும் அனுபவமும் கைகோத்து அவனை சாவுகிட்ட கூட்டிட்டு போய் 'வாழ்நாள் பூரா தப்பாவே இருந்துட்டே'ன்னு புரிய வைக்குதுங்க. இதை எழுதின மனுஷன் 1680-ல 33 வயசுல செத்துட்டாரு, அந்த வரிகளை படிக்கும்போது எனக்கு மனசு பிசையும்.

மூணாவதா எட்மண்ட் வாலர், எண்பது வயசு வாக்குல எழுதின கவிதை, சின்னதுதான். உடம்பு ஆன்மாவோட இருட்டு குடிசை, காலம் போட்ட விரிசல் வழியா புது வெளிச்சம் உள்ள வருதுன்றாரு. எனக்கு மூணுலயும் இதுதான் ரொம்ப புடிச்சது.

மூணுலயும் வெளிச்சம் வர்ற இடத்தை மட்டும் பென்சில்ல கோடு போட்டு, யாருக்கு அது வழி, யாருக்கு அது பொய்னு மார்ஜின்ல உங்க வார்த்தையில தமிழ்லயே எழுதுங்க. இது பழகிட்டா கேத்தரின் பிலிப்ஸ், கவுலின்னு அந்தக் காலத்து கவிஞர்கள் ரெண்டு பேரையும் எடுங்க. கவுலியோட கட்டுரைகள் 1668-ல வந்தது, உரைநடையும் கவிதையும் கலந்து தனிமை, தோட்டம்னு போகும், ஈஸியா இருக்கும். மில்டனோட காவியம் பாரடைஸ் லாஸ்ட்டை லீவுக்கு வைங்க, பன்னெண்டு புக்கு.