டெல்டாவிலிருந்து குளிர் நாட்டுக்கு: ஆயில் ஹீட்டர் வாங்குமுன்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்கள் முதல் குளிர்காலத்திலேயே ஓர் ஆயில் ஹீட்டர் வாங்கிவிடுகிறார்கள். பட்டை பட்டையாக, அடியில் சக்கரம் வைத்திருக்குமே, அதுதான். நல்ல சாமான். மார்கழி விடியலில் 20 டிகிரிக்கே போர்வை தேடிய உடம்பு இங்கே 5 டிகிரியைத் தாங்காது. ஆனால் வாங்கியதும் அதில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணைப் பாருங்கள்.

பெரும்பாலும் 1500, 2000, 2500 என்று இருக்கும். நம் வயலில் ஓடும் 5 எச்.பி. மோட்டார் ஏறக்குறைய 3700 வாட். அப்படியென்றால் 2000 வாட் ஹீட்டர் அந்த மோட்டாரில் பாதிக்கும் மேல். மோட்டாருக்கு மெல்லிசு ஒயர் போட்டால் என்ன ஆகுமென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஹீட்டரைச் சுவர் பிளக் பாயிண்டில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். நான் வந்த வருஷம் ஒரே பாக்ஸில் ஹீட்டரையும் கெட்டிலையும் போட்டேன். டீக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் பிளாஸ்டிக் தீயும் வாடை. பாக்ஸின் ஓரம் உருகிப் பழுப்பேறிவிட்டது. பக்கத்து அறையில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் பதறுகிறது.

இங்கே பிளக்குக்குள்ளேயே 13 ஆம்ப் ஃபியூஸ் உண்டு. அது போனால், ஊரில் ஃபியூஸ் கட்டையில் கம்பி முறுக்குகிற வேலையெல்லாம் கூடாது. அரை மணி ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாதபடி சுட்டால் உடனே நிறுத்துங்கள்.

உள்ளே இருக்கும் ஆயில் எரிவதுமில்லை, குறைவதுமில்லை. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதனால் அறை கதகதப்பாகக் கொஞ்சம் பொறுக்கவேண்டும். அணைத்த பிறகும் சூடு நிற்கும். படுப்பதற்கு அரை மணி முன்பு போட்டு, கதவைச் சாத்தி வைத்து, படுக்கும்போது அணைத்துவிடலாம்.

பில் விஷயம். ஊரில் பம்ப்செட்டுக்குக் கரண்ட் இலவசம், வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்த 100 யூனிட்டை 2000 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் 50 மணி நேரத்தில் தின்றுவிடும். தினம் 5 மணி நேரம் என்றால் பத்தே நாள். சூட்டின் அளவை வைக்கும் திருகான தெர்மோஸ்டாட்டை நடுவில் வைத்தால் அறை சூடானதும் தானே நின்று நின்று ஓடும், செலவு குறையும். வீட்டில் கேஸ் ஹீட்டிங் இருந்தால் வீடு முழுக்கச் சூடாக்க அதுதான் மலிவு. ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்து படிக்க ஹீட்டர் போதும்.

ஈரத்துணியை அதன்மேல் போடாதீர்கள். தீப்பிடிக்கும் பயம் ஒருபக்கம், சுவரில் கருப்பாகப் பூஞ்சை பிடிப்பது மறுபக்கம். திரைச்சீலை, மெத்தையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒன்று. குளிப்பாட்டியபின் சாம்பிராணி போடக் கரி மூட்டும் வழக்கம் நமக்கு உண்டு. இங்கே குளிருக்காக எல்லா ஜன்னலையும் அடைத்திருப்போம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, உயிரை எடுத்துவிடும். ஊரிலிருந்து அம்மா சொன்னாலும் செய்யாதீர்கள். குழந்தையைத் துவட்டி உடுத்தும் அறையில் முன்கூட்டியே ஹீட்டரைப் போட்டு வையுங்கள். குளியலறைக்குள் மட்டும் அதைக் கொண்டுபோகக் கூடாது.