உங்கள் புரோகிராமிலிருந்து சர்வருக்கு ஃபைல் ஏற்றுவது எப்படி?

பிரௌசரில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினால் சமர்த்தாகப் போய்விடுகிறது. அதையே நாம் எழுதும் புரோகிராமில் செய்யப் போனால் மட்டும் சர்வர் "ஃபைல் எதுவும் வரவில்லையே" என்கிறது. தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவருக்காக, கல்யாணப் படங்களைக் கணினியிலிருந்து நேரே அவருடைய தளத்துக்கு ஏற்றும் ஒரு சின்னப் புரோகிராம் எழுதியபோது இந்த ஒரு வரியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், அக்கறையாக நானே சேர்த்திருந்த ஒரு ஹெட்டர்தான் (அனுப்பும் பொருளுக்கு முன்னால் போகும் விவர வரி) வினை. அது ஏன் வினையானது என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

நான் பயன்படுத்துவது பைத்தான் மொழி, சர்வரோடு பேச ரெக்வெஸ்ட்ஸ் என்ற லைப்ரரி (பிறர் எழுதிவைத்த தயார் கோடு), ஜன்னலும் பட்டனும் போட டிகின்டர். நீங்கள் வேறு மொழியில் எழுதினாலும் கம்பியில் போகும் பைட்டுகள் ஒன்றுதான். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கோடு எழுதும் முன் கேட்க வேண்டியது

சர்வர் பக்கம் பார்த்துக்கொள்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், ஃபைல் வரவேண்டிய புலத்தின் (படிவத்தில் ஒரு கட்டம் மாதிரி) பெயர் என்ன, அதிகபட்சம் எத்தனை எம்பி வரை ஏற்கும். புலத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், நீங்கள் 'போட்டோ' என்று அனுப்பி அவர் 'போட்டோஸ்' என்று தேடினாலும், ஃபைல் முழுசாகப் போய்ச் சேர்ந்த பிறகும் வரவில்லை என்றுதான் பதில் வரும்.

பார்சலைப் பிரித்துப் பார்ப்போம்

படிவத்தோடு ஃபைலையும் சேர்த்து அனுப்பும் இந்த முறை 1995 நவம்பரில் ஆர்எஃப்சி 1867 என்ற இணைய விதிமுறை ஆவணமாக வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2015-ல் வந்த 7578. வருடங்கள் மாறினாலும் கட்டும் விதம் பெரிதாக மாறவில்லை. ஒரு படத்தை அனுப்பினால் போவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

கன்டென்ட்-டைப்: மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா; பவுண்டரி=கேகே7788

--கேகே7788
கன்டென்ட்-டிஸ்பொசிஷன்: ஃபார்ம்-டேட்டா; நேம்="போட்டோ"; ஃபைல்நேம்="படம்.ஜேபிஜி"
கன்டென்ட்-டைப்: இமேஜ்/ஜேபெக்

...படத்தின் பைட்டுகள்...
--கேகே7788--

முதல் வரி ரெக்வெஸ்டின் ஹெட்டரில் போவது, மற்றதெல்லாம் உடல். பவுண்டரி என்பது ஒரு பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும் நடுவே போடும் தடுப்பு. படத்துக்குள் தற்செயலாகக்கூட வராத மாதிரி ஏதோ ஒரு எழுத்துச்சரத்தை லைப்ரரியே ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட்டுக்கொள்ளும். உடலுக்குள் அதன் முன்னால் இரண்டு கோடு, கடைசித் தடுப்புக்குப் பின்னாலும் இரண்டு கோடு. ஹெட்டருக்கும் படத்துக்கும் நடுவே இருக்கிற அந்த வெற்று வரியை அலட்சியமாக நினைக்காதீர்கள், விவரம் முடிந்து பொருள் தொடங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

என் தவறு இங்கேதான். கன்டென்ட்-டைப் ஹெட்டரை நானே 'மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா' என்று எழுதிக்கொடுத்தேன். லைப்ரரி என் சொல்லுக்கு மரியாதை கொடுத்து, தான் போடவிருந்த ஹெட்டரை விட்டுவிட்டது, அதோடு பவுண்டரியும் போயிற்று. உடலில் தடுப்புகள் இருக்கின்றன, ஆனால் தடுப்பு எப்படி இருக்கும் என்று சர்வருக்கு யாரும் சொல்லவில்லை. அது எதை வைத்துப் பிரிக்கும்? ஆகவே அந்த ஹெட்டரைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. பார்சலின் மொத்த நீளத்தை கன்டென்ட்-லெங்த் சொல்ல வேண்டும், அது பைட் கணக்கு. 'படம்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ப, ட, ம, புள்ளி என்று நான்கு, யூடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றும் 3 பைட் வீதம் 12 பைட். யூனிகோடு கணக்கில் நான்கு என்று நீளம் கொடுத்தால் 8 பைட் குறைந்து, பார்சலின் வால் அறுந்துவிடும். லைப்ரரி இதைச் சரியாகவே எண்ணும், கையால் கட்டிப் பார்க்கும் ஆசை இருப்பவர்கள் மட்டும் கவனம்.

அனுப்புவது

ஃபைலை ஓப்பன் கட்டளையில் 'ஆர்பி' முறையில், அதாவது பைட்டுகளாகவே படிக்கும்படி, திறக்க வேண்டும். வெறும் 'ஆர்' போட்டால் படத்தை உரை என்று நினைத்துப் படிக்கப் பார்க்கும், பாதியில் பிழை வரும். அப்புறம் ரெக்வெஸ்ட்ஸ்.போஸ்ட் என்று கூப்பிட்டு, முகவரி, ஃபைல்ஸ் என்ற இடத்தில் புலத்தின் பெயரும் திறந்த ஃபைலும், டேட்டா என்ற இடத்தில் ஆல்பத்தின் பெயர் மாதிரி மற்ற விவரங்கள், டைம்அவுட் என்ற இடத்தில் 10, 120 என்று இரண்டு எண்கள். அவ்வளவுதான். டைம்அவுட் கொடுக்காவிட்டால் இந்த லைப்ரரி பதிலுக்காக யுகக்கணக்கில் காத்திருக்கும். முதல் எண் இணைப்பு கிடைக்க எத்தனை விநாடி பொறுப்பது, இரண்டாவது சர்வர் ஒன்றும் பேசாமல் இருந்தால் எத்தனை விநாடி பொறுப்பது. மொத்த அப்லோடுக்குமான நேரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

200 (எல்லாம் சரி என்ற சர்வரின் பதில் எண்) வந்தால் நம்பலாமா?

எல்லா நேரமும் நம்ப முடியாது. என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் எதையும் மாற்றாமல் விட்டால் உடல் 1 எம்பிக்கு மேல் போகக்கூடாது, போனால் 413, அதாவது அளவு மீறியது, என்று திருப்பி அனுப்பும். சில சமயம் நீங்கள் அனுப்பி முடிக்கும் முன்பே அது கதவைச் சாத்திவிடுவதால், 413 கண்ணில் படாமல் இணைப்பு அறுந்தது என்ற பிழை மட்டும் வரும், நீங்கள் இணையத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். சர்வர் பக்க ஸ்கிரிப்ட் எழுதும் மொழியான பிஹெச்பி இன்னும் வேடிக்கை. அதன் இயல்பான அளவு ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்த போஸ்டுக்கு 8 எம்பி. மொத்தம் 8-ஐத் தாண்டினால், வந்த புலங்கள் எல்லாமே காலியாகத்தான் ஸ்கிரிப்ட்டின் கைக்குக் கிடைக்கும். ஸ்கிரிப்ட் அதைச் சோதிக்காவிட்டால் சிரித்த முகத்தோடு 200 சொல்லும். அதனால் பதிலில் சேமித்த ஃபைலின் அளவையும் அனுப்பச் சொல்லி, நம் ஃபைலின் அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

ஜன்னல் உறையாமல் இருக்க

பட்டனை அழுத்தியதும் நேரே போஸ்ட் செய்தால் அப்லோட் முடியும்வரை ஜன்னல் அசையாது. தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று வரும், பயனர் பொறுமையிழந்து மூடிவிடுவார், பாதிப் படம் போனது போனதுதான். அப்லோடை ஒரு தனி த்ரெட்டில் (அதே புரோகிராமுக்குள் பக்கத்தில் தனியாக ஓடும் வேலை) ஓடவிடுங்கள். ஆனால் அந்த த்ரெட்டிலிருந்து லேபிளையோ பட்டனையோ தொடாதீர்கள், டிகின்டருக்கு அது ஆகாது. த்ரெட் சொல்ல வேண்டியதை ஒரு க்யூவில் (செய்திகள் காத்திருக்கும் வரிசை) போடட்டும், ஜன்னல் பக்கம் ஆஃப்டர் கட்டளையை வைத்து 100 மில்லி விநாடிக்கு ஒரு தடவை க்யூவை எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

பெரிய ஃபைல்கள்

ஃபைல்ஸ் வழியாகக் கொடுத்தால் ரெக்வெஸ்ட்ஸ் முழு ஃபைலையும் நினைவகத்தில் ஏற்றித்தான் பார்சல் கட்டும். படத்துக்குப் பரவாயில்லை, 3 ஜிபி கல்யாண வீடியோவுக்கு மெஷின் மூச்சு வாங்கும். ரெக்வெஸ்ட்ஸ்-டூல்பெல்ட் என்ற துணை லைப்ரரியில் இருக்கும் மல்டிபார்ட்என்கோடர் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து அனுப்பும். இங்கே மட்டும் கன்டென்ட்-டைப்பை நாம்தான் கொடுக்க வேண்டும், ஆனால் சொந்தமாக எழுதாமல் என்கோடரே வைத்திருக்கும் மதிப்பை எடுத்துக்கொடுக்க வேண்டும், பவுண்டரி அதில்தான் இருக்கிறது. கூடவே வரும் மானிட்டர் எத்தனை பைட் படிக்கப்பட்டது என்று சொல்லிக்கொண்டே வரும், அதை வைத்து முன்னேற்றப் பட்டை போடலாம். பட்டை 100-ஐத் தொட்டால் நம் பக்கம் எடுத்துக் கொடுத்தாயிற்று என்றுதான் அர்த்தம். அங்கே 'சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கிறது' என்று எழுதிவையுங்கள், இல்லையென்றால் போன் வரும்.

நேரம் முடிந்துவிட்டது என்ற பிழை வந்ததும் மறுபடி அனுப்புகிற மாதிரி எழுதுவோம். சிக்கல் என்னவென்றால், படம் போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அந்த ஸ்டூடியோ ஆல்பத்தில் ஒரே மாலை மாற்றும் படம் மூன்று தடவை வரிசையாக வந்து நின்றது இப்படித்தான். இப்போதெல்லாம் ஃபைலின் ஷா-256 மதிப்பையும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான ஒரு அடையாளம்) ஒரு புலமாக அனுப்புகிறேன், அதே மதிப்பு ஏற்கெனவே இருந்தால் சர்வர் புதிதாகச் சேர்க்காமல் 'இருக்கிறது' என்று மட்டும் சொல்லும்.

கடைசியாக, கொடுக்கும் முன் நான்கு ஃபைல்களை ஏற்றிப் பாருங்கள்: ஒரு சின்னப் படம், தமிழில் பெயரும் நடுவில் இடைவெளியும் உள்ள ஒன்று, பூஜ்யம் பைட்டில் ஒரு காலி ஃபைல், சர்வரின் வரம்புக்குக் கொஞ்சம் மேலே ஒன்று. நான்காவது போகும்போது நெட் கேபிளையும் ஒரு தடவை பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.