ஒரே கேள்வியைப் பல நாடுகளில் கேட்கும்போது

2013 மே மாதம் வாஷிங்டன் போஸ்ட் இணையதளத்தில் ஒரு உலக வரைபடம் வெளியானது. 'வேற்று இனத்தவர் பக்கத்து வீட்டில் குடியிருப்பதை விரும்பமாட்டேன்' என்று எந்த நாட்டில் எவ்வளவு பேர் சொன்னார்கள் என்பதை நிறம் தீட்டிக் காட்டிய படம். மக்களின் மதிப்புகளையும் நம்பிக்கைகளையும் பல நாடுகளில் கேட்டறிய 1981 முதல் நடந்துவரும் வேர்ல்டு வேல்யூஸ் சர்வேயின் தரவு அது. வங்கதேசத்திலும் ஹாங்காங்கிலும் பத்தில் ஏழு பேர் அப்படிச் சொன்னதாகக் காட்டியது. படம் உலகம் முழுக்கப் பரவியது. வங்கதேச எண்ணை நம்ப முடியாத ஒருவர் மூலத் தரவைத் தோண்டிப் பார்த்தபோதுதான், பதில்களுக்கான குறியீடு தலைகீழாகப் பதிவாகியிருந்தது தெரிந்தது. ஹாங்காங்கிலும் அதே கதை. சரிசெய்து பார்த்தால், அப்படிச் சொன்னவர்கள் பத்தில் மூன்று பேருக்கும் குறைவு.

குறியீடு மாறுவது யாருக்கும் நடக்கும். பெரிய தவறு அதற்கு அடுத்தது: அந்தந்த நாட்டுக் குழுவிடம் முதல் அட்டவணையைக் காட்டி 'இது உங்கள் ஊர் மாதிரி இருக்கிறதா?' என்று கேட்காமல் தரவை வெளியிடுவது. உள்ளூர் ஆட்களைத் தரவு சேகரித்து அனுப்பும் ஒப்பந்தக்காரர்களாக மட்டும் நடத்தும் திட்டங்களில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இருப்பதில்லை. பன்னாட்டு சர்வேக்களில் நேரும் மற்ற தவறுகள் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் கருத்து.

மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பல திட்டங்களில் இது கடைசி வாரத்து வேலை. வினாத்தாள் ஆங்கிலத்தில் முடிந்துவிடும், ஒருவர் தமிழாக்குவார், இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டும் பொருந்தினால் சரி என்று கையெழுத்தாகிவிடும். இந்தச் சோதனையை நம்பி உட்காராதீர்கள். ஒருவர் இன்னொருவர் மேல் வைக்கும் 'ட்ரஸ்ட்' நமக்கு நம்பிக்கை. கடவுள் மேல் வைப்பதும் நம்பிக்கை, நாளைக்கு மழை வரும் என்று எதிர்பார்ப்பதும் நம்பிக்கை. திருப்பி மொழிபெயர்த்தால் 'ட்ரஸ்ட்' என்றே வந்து நிற்கும். கேள்வியைக் கேட்டவர் மனதில் எது ஓடியது என்பது அதில் தெரியாது.

ஐரோப்பிய சமூக சர்வே 2002-இல் முதல் சுற்றுக்குப் போனபோதே வேறு வழியை எடுத்தது. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். அப்புறம் ஒரு குழு உட்கார்ந்து இரண்டையும் விவாதித்து முடிவெடுக்கும். அதைச் சிலரிடம் கேட்டுப் பார்த்து, ஏன் இந்தச் சொல்லைத் தேர்ந்தோம் என்பதையும் எழுதி வைப்பார்கள். ஒரு நாட்டில் 5 சதவீதம் பேருக்குத் தாய்மொழியாக இருந்தாலே அந்த மொழியில் வினாத்தாள் வேண்டும் என்பது அங்கே விதி. ஒரே மொழியைப் பகிரும் நாடுகள் கலந்து பேச வேண்டும் என்பதும் உண்டு. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அப்படி.

இது நமக்கும் பொருந்தும். இந்தியாவையும் இலங்கையையும் சேர்த்து ஆய்வு செய்பவர்கள் 'தமிழ்' என்று ஒரு வினாத்தாளை அச்சடித்து இரண்டு பக்கமும் அனுப்பிவிட ஆசைப்படுவார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி என்றால், இலங்கையில் உள்ளூராட்சி. இங்கே கிராம நிர்வாக அலுவலர், அங்கே கிராம சேவகர். பெயரோடு வேலையும் மாறுகிறது. 'உங்கள் ஊர் அதிகாரி மேல் எவ்வளவு நம்பிக்கை?' என்று கேட்டு வந்த இரண்டு எண்களை அருகருகே வைத்தால் எதை ஒப்பிடுகிறோம்?

சரி, சொல் சரியாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'பொதுவாகப் பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா?' என்ற கேள்வியில் சீனா மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கிவந்தது. 2011-இல் டெல்ஹே, நியூட்டன், வெல்சல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 51 நாடுகளின் தரவை வைத்து, 'பெரும்பாலான மனிதர்கள்' என்றதும் மக்கள் யாரை நினைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சீனா, தாய்லாந்து போன்ற நாடுகளில் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள் என்று வட்டம் சின்னதாக இருந்தது. மேற்கு நாடுகளில் முன்பின் தெரியாதவர்களும் அதில் வந்தார்கள்.

அளவுகோலும் இப்படித்தான் நழுவும். 'அரசாங்கம் செய்வதில் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது?' என்ற கேள்விக்கு மெக்சிகோக்காரர்களைவிடச் சீனர்கள் உயர்வாகப் பதில் சொன்னார்கள். மெக்சிகோவிலோ 2000-ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் மக்கள் ஒரே கட்சியின் பல பத்தாண்டு ஆட்சியை ஓட்டுப் போட்டு மாற்றியிருந்தார்கள். அரசியல் ஆய்வாளர் கேரி கிங்கும் அவருடைய குழுவும் ஒரு சின்னக் கதையைச் சேர்த்தார்கள்: நல்ல குடிநீர் கிடைக்காத ஒருவர், ஓட்டுரிமையும் இல்லை, அரசாங்கத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை, வாய்விட்டுச் சொல்லாமல் தவிக்கிறார். இவருடைய சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு? சீனாவில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்களை அவருக்கும் கீழே வைத்தார்கள். மெக்சிகோவில் அப்படி வைத்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. 2004-இல் வெளியான அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு, இரு நாட்டுச் சராசரிகளை மட்டும் வைத்து 'இவர்கள் அவர்களைவிட மேல்' என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.

இந்தியாவுக்குள்ளேயே இது உண்டு. ஆயுள் அதிகமுள்ள கேரளத்தில்தான் 'எனக்கு நோய் இருக்கிறது' என்று சொல்பவர்கள் அதிகம், பிகாரில் குறைவு என்பதை அமர்த்தியா சென் 2002-இல் எடுத்துக்காட்டினார். மருத்துவ வசதியும் படிப்பும் இருக்கும் இடத்தில்தான் மக்கள் தங்கள் நோயை நோய் என்று அறிகிறார்கள். ஆகவே உடல்நலம், மகிழ்ச்சி, செல்வாக்கு மாதிரி விஷயங்களைக் கேட்டால், தராசைச் சரிபார்க்க இப்படியொரு கதையையோ நேரடி அளவீட்டையோ கூடவே வையுங்கள். வினாத்தாள் நீளும்தான், நீளட்டும்.

மாதிரி எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு நாட்டில் குலுக்கல் முறையில் வீடு தேர்ந்து, இன்னொரு நாட்டில் 'இத்தனை ஆண், இத்தனை பெண்' என்று கிடைத்தவர்களைப் பிடித்தால் ஒப்பீடு செல்லாது. வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்வதும் கூடாது. பகலில் வீட்டில் இருப்பவர்களின் கருத்தே நாட்டின் கருத்தாகிவிடும்.

கடைசியாக, பணமும் பெயரும். யார் கேள்வி எழுதுவது, தரவு யாரிடம் இருக்கும், கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதை களப்பணி தொடங்கும் முன் எழுத்தில் பேசி முடியுங்கள். பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து நடத்தும், 1984-இல் தொடங்கிய ஐ.எஸ்.எஸ்.பி. (இன்டர்நேஷனல் சோஷியல் சர்வே ப்ரோகிராம்) இதில் நல்ல முன்மாதிரி. ஒவ்வொரு நாடும் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது. வினாத்தாளை முடிவு செய்யும் கூட்டத்தில் சின்ன நாடு, பெரிய நாடு எதுவானாலும் ஒரு ஓட்டு. 'இந்தக் கேள்வி எங்கள் ஊரில் எடுபடாது' என்று ஒரு குழு சொன்னால், அது அச்சுக்குப் போகும் முன்பே மேசைக்கு வந்துவிடுகிறது.