வீட்டின் பாதுகாப்பைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஆபத்து ஏதும் இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் அறை அறையாகச் சுற்றி, உடைந்தது, பிய்ந்தது, தொங்குவது கண்ணில் படுகிறதா என்று பார்ப்பார்கள். அப்படிக் கண்ணில் படுகிற கோளாறை எப்படியும் யாராவது சரிசெய்துவிடுவார்கள். உயிருக்கு உலை வைப்பவற்றில் பல பார்க்க ஒழுங்காகவே இருக்கும். ஓடவிட்டு, தொட்டு, தட்டிப் பார்த்தால்தான் அவை வெளிப்படும்.

மின்சாரத்தை அணைத்துவைத்துச் சோதிப்பது

சாக்கெட் வெளியே புதிதாகத் தெரியலாம். உள்ளே திருகு தளர்ந்திருந்தால் வயர் தொடும் இடத்தில் மின்தடை கூடிவிடும். அது அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 50 வாட் வெப்பம் உண்டாகும். மின்னோட்டம் கூடாததால், அளவு மீறினால் தானே அணையும் எம்சிபி ஸ்விட்ச் விழாது, பிளாஸ்டிக் மட்டும் உள்ளுக்குள் கருகிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே இதைப் பிடிக்க எளிய வழி, ஹீட்டர், கீசர் போல நிறைய மின்சாரம் இழுக்கும் கருவியைக் கால் மணி நேரமாவது ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்து, பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பார்ப்பதுதான். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, துளையைச் சுற்றிப் பழுப்பு, மீன் வாடை போன்ற நாற்றம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தச் சாக்கெட்டை மாற்றும்வரை பயன்படுத்தாதீர்கள். எக்ஸ்டென்ஷன் போர்டில் ஹீட்டரைச் செருகுவது அறவே கூடாது.

'எம்சிபி இருக்கிறது, ஷாக் அடிக்காது' என்ற நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. எம்சிபி காப்பாற்றுவது வயரை. சில பத்து மில்லிஆம்பியர் உடல் வழியே பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்துபோகலாம். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே விழும் ஆர்சிசிபி என்ற ஸ்விட்ச். அதிலுள்ள 'டி' பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். பல வீடுகளில் பொருத்திய நாளிலிருந்து அதை யாருமே அழுத்தியிருக்க மாட்டார்கள். வருடக்கணக்கில் அசையாத இயங்குமுறை, விழ வேண்டிய நேரத்தில் இறுகிப்போயிருக்கலாம்.

அந்தப் பொத்தான் வேலை செய்வதால் எர்த்தும் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. பொத்தான் தன் உள்ளேயே சிறு கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த் வயர் பாதி வழியில் அறுந்திருந்தாலும் அது ஒழுங்காகவே விழும். மூன்றாவது துளை இருக்கிறது என்பதும் எர்த் இருப்பதற்குச் சாட்சி ஆகாது. டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரால் ஃபேஸ், அதாவது மின்சாரம் வருவதைத்தான் பார்க்கலாம். எர்த்தை எலக்ட்ரீஷியன் தன் கருவியால் அளந்து சொல்ல வேண்டும்.

எல்லா வாயுவும் ஒரே மாதிரி என்று நினைப்பது

சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். அதற்கான டிடெக்டரைத் தரைக்குச் சற்று மேலே மாட்ட வேண்டும். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, அதற்குக் கூரையை ஒட்டி மாட்ட வேண்டும். இடம் மாறினால், கசிவு நிறைய சேர்ந்த பிறகுதான் டிடெக்டர் கத்தும்.

தீக்குச்சி கொளுத்தி யாரும் கசிவு பார்க்கக் கூடாது. அடுப்பின் குமிழ்களை மூடி, ரெகுலேட்டரைத் திறந்துவைத்து, ரப்பர் குழாயின் இரு முனைகளிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. குழாயை வளைத்தும் பாருங்கள். நேராக இருக்கையில் மறைந்திருக்கும் வெடிப்பு வளைக்கும்போது வாய் திறக்கும்.

கேஸ் கீசர் தனி ஆபத்து. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. தலைசுற்றுகிறது என்று உணர்வதற்குள் எழுந்து கதவைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. புகைபோக்கி இருந்தாலும், ஜன்னலை அடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், போக வேண்டிய புகையை அது உள்ளேயே இழுத்துவிடும். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே வைப்பதே சரி.

நின்ற உயரத்திலிருந்து மட்டும் பார்ப்பது

குழந்தை இருக்கும் வீட்டை மண்டியிட்டுப் பாருங்கள். பால்கனிக் கம்பிகளின் இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் சிறு குழந்தையின் உடல் நுழைந்துவிடக்கூடும். படுக்கைவாட்டில் கம்பி வைத்த தடுப்பு அழகாக இருக்கும், ஆனால் குழந்தைக்கு அது ஏணி. இழுப்பறை அலமாரியின் கீழ் அறைகளை ஒருசேர வெளியே இழுத்து, அதில் கை வைத்து மெல்ல அழுத்துங்கள். முன்பக்கம் சாய்ந்தால் சுவரோடு பிணைத்தாக வேண்டும். முதியவர்கள் இருந்தால் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு வெளிச்சத்திலேயே நடந்து பாருங்கள். பகலில் தெரியாத படி விளிம்பும் மடிந்த விரிப்பும் அப்போது காலில் இடறும்.

விரிசலைப் பூசி மறைப்பது

மயிரிழை விரிசல் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவதைத்தான் கவனிக்க வேண்டும். பூசுவதற்கு முன் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் அகலமும் எழுதிவையுங்கள். சில மாதங்களில் கோட்டைத் தாண்டி வளர்ந்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டியதுதான். கூரையைக் கம்பால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற ஓசை வந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்திருக்கலாம். துருவை அகற்றாமல் மேலே பூசினால் அந்தப் பூச்சும் கனத்தோடு சேர்ந்து கீழே விழும். அந்த இடத்துக்கு நேர் கீழே யாரும் படுக்க வேண்டாம்.

கண்டதையெல்லாம் ஒரே பட்டியலில் எழுதுவது

தளர்ந்த கைப்பிடியும் கசியும் கேஸ் குழாயும் ஒரே தாளில் இருந்தால், சுலபமான வேலைதான் முதலில் முடியும். வாயுக் கசிவு, சூடேறும் சாக்கெட், விழாத ஆர்சிசிபி, அவசரத்தில் வெளியேற முடியாதபடி, சாவி எங்கே என்று தெரியாத பூட்டுப் போட்ட வெளிக்கதவு, இவை நான்கும் பட்டியலுக்கே போகக் கூடாது. பார்த்த அன்றே கருவியை நிறுத்தி, ஆளைக் கூப்பிடுங்கள். சாவியை எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் மாட்டுங்கள்.