பழைய காரை டீலரிடம் கொடுத்துப் புதிய கார் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரை டீலரிடமே கொடுத்துவிட்டுப் புதிய காரை எடுக்கும்போது ஒரே மேசையில் மூன்று வியாபாரங்கள் நடக்கின்றன: பழையதை விற்கிறோம், புதியதை வாங்குகிறோம், பெரும்பாலும் அதற்குக் கடனும் எடுக்கிறோம். இந்த மூன்றையும் சேர்த்து, ‘மாதம் இவ்வளவு கட்டினால் போதும்’ என்று விற்பனையாளர் ஒற்றைத் தொகையாகச் சொல்லும்போது அதை மட்டும் பார்த்துத் தலையாட்டுவதுதான் இதில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது. மாதத் தவணையைக் குறைத்துக் காட்டுவதற்குக் கடன் காலத்தை நீட்டினாலே போதும். கார் மலிவாகக் கிடைத்ததா என்பதை அந்தத் தொகை சொல்வதில்லை.

புதிய காரின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஷோரூமில் பழைய காருக்கு 40 தருகிறார்கள், ஆனால் புதிய காரில் தள்ளுபடி கிடையாது. கையிலிருந்து 60 கொடுக்க வேண்டும். இன்னொரு ஷோரூமில் பழைய காருக்கு 36தான், ஆனால் புதிய காரில் 6 தள்ளுபடி தருகிறார்கள். அங்கே 58 கொடுத்தால் போதும். ‘என் காருக்கு 40 கொடுத்தார்கள்’ என்ற மகிழ்ச்சியில் முதல் இடத்திலேயே கையெழுத்துப் போடுபவர்களே அதிகம். ஆகவே பழைய காரைப் பற்றிப் பேச்செடுக்காமல் புதிய காரின் இறுதி விலையை முதலில் எழுத்தில் வாங்கிவிட்டு, அதன் பிறகு பழையதற்குத் தனியாக விலை கேட்பது நல்லது. பழைய காரைக் கொடுப்பதற்காக எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று தனியாக ஒரு தொகையைக் காட்டினால், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்குபவருக்கு என்ன தள்ளுபடி என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். சில இடங்களில் அந்தத் தள்ளுபடியைத்தான் பெயர் மாற்றி போனஸாகத் தருகிறார்கள்.

‘உங்கள் மாடலுக்கு இப்போது நல்ல கிராக்கி, நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்று வரும் பைபேக் அழைப்புகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அவற்றில் பலவும் வாடிக்கையாளரைப் புதிய கார் வாங்க ஷோரூமுக்கு வரவழைப்பதற்காக மொத்தமாக அனுப்பப்படுபவை. தொகைக்குப் பக்கத்தில் ‘வரை’ என்ற சொல்லோ, ‘நேரடிப் பரிசோதனைக்கு உட்பட்டது’ என்ற வரியோ சிறிய எழுத்தில் இருக்கும். அங்கே போனதும், புதிய கார் எதுவும் வாங்காமல் இதை மட்டும் விற்றால் இதே தொகை கிடைக்குமா என்று கேளுங்கள். தொகை மாறினால், அழைப்பில் சொன்ன விலையில் ஒரு பகுதி புதிய காரின் விலையிலிருந்துதான் வரவிருந்தது என்று அர்த்தம். கார் வாங்கும்போதே ‘மூன்றாண்டு கழித்து இத்தனை சதவீதத்துக்கு எடுத்துக்கொள்வோம்’ என்று தரப்படும் உறுதி வேறு வகை. அந்தச் சதவீதம் எந்த விலையின் மீது என்பதைப் பார்க்காமல் விடக் கூடாது. சாலை வரி, பதிவு, காப்பீடு சேராத ஷோரூம் விலையின் மீதே அது கணக்கிடப்படுவது வழக்கம். ஓடிய கிலோமீட்டருக்கு வரம்பு, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மட்டுமே பராமரிப்பு, பெரிய விபத்து கூடாது போன்ற நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் உறுதி குறையலாம் அல்லது செல்லாமலே போகலாம்.

பரிசோதனைக்கு முன் செலவு செய்வதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. உள்ளே குப்பையும் மேலே சேறுமாகக் கொண்டுபோய் நிறுத்துவது ஒன்று. கீறல் தெரியக் கூடாதென்று டிங்கரிங், பெயிண்டிங் என்று கணிசமாகச் செலவழிப்பது மற்றொன்று. டீலருக்கு அந்த வேலை நம்மைவிடக் குறைந்த செலவில் முடியும் என்பதால் போட்ட பணம் முழுதாகத் திரும்புவது அரிது. தவிர, புதுப் பெயிண்ட் சந்தேகத்தைத்தான் கிளப்பும். மதிப்பீட்டாளர் பெயிண்டின் தடிமனை அளக்கும் சிறிய கருவியை ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பார்ப்பார்; தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும்போது, பட்டி போட்டு மறுபெயிண்ட் அடித்த கதவில் அதைப் போலப் பல மடங்கு காட்டும். பானெட்டைக் கழற்றியிருக்கிறார்களா என்று அறிய, அதன் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்ப்பார். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் படிப்பார். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். எஞ்சின் விளக்கை அணைப்பதற்காக முந்தைய நாள் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும், காரின் சுயபரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்பதை அவருடைய ஸ்கேனர் காட்டிவிடும். எனவே விபத்தோ பழுதோ இருந்தால் பழுது பார்த்த ரசீதோடு முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையும் ஆகும், லாபமும் ஆகும். மறைத்தது பாதியில் தெரிந்தால் மற்ற எல்லாவற்றிலும் அவர் விலையைக் குறைப்பார். நன்றாகக் கழுவித் துடைத்த கார், எரியும் பல்புகள், முழு சர்வீஸ் ரெக்கார்டு, இரண்டாவது சாவி ஆகியவை போதும். நவீன கார்களின் சாவி விலை அதிகம் என்பதால், அது ஒன்று இல்லாததற்கே கணிசமாகக் கழிப்பார்கள்.

கடன் பாக்கியுள்ள காரைக் கொடுக்கும்போது இன்னும் நிதானம் வேண்டும். கணக்கில் தெரியும் அசல் பாக்கியும், கடனை முழுதாக முடிக்கக் கட்ட வேண்டிய தொகையும் ஒன்றல்ல. குறிப்பிட்ட தேதி வரையிலான வட்டியும், சில கடன்களில் முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணமும் அதில் சேரும் என்பதால் அந்தத் தொகையை வங்கியிடமிருந்தே எழுத்தில் பெற வேண்டும். காரின் மதிப்பு 60, கடன் 72 என்றால் மீதி 12ஐப் புதிய கடனோடு சேர்த்துவிடலாம் என்று சுலபமாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் ஐந்தாண்டுகளில் அந்த 12க்கு 15க்கும் மேல் கட்டியிருப்போம். அதுவும் நம்மிடம் இல்லாத காருக்காக. முடிந்தால் கையிலிருந்து அந்த வித்தியாசத்தைக் கட்டிவிடுங்கள், அல்லது கடன் குறையும் வரை பழைய காரையே ஓட்டுங்கள். கடனை டீலரே அடைப்பதாக இருந்தால், கணக்கு முடிந்ததற்கான கடிதம் வரும் வரை தவணையை நிறுத்தக் கூடாது. ஒரு தவணை தவறினாலும் அது பதிவாவது நம் பெயரில்தான்.

தனியாருக்கு விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது பெரும்பாலும் உண்மைதான், ஆனால் வரியையும் கணக்கில் எடுக்க வேண்டும். சில நாடுகளில், சில மாநிலங்களில் பழைய காரின் மதிப்பைக் கழித்த பிறகே புதிய காருக்கு வரி போடுகிறார்கள். அங்கே வரி 8 சதவீதம் என்றால், டீலர் தரும் 40 உண்மையில் 43.2க்குச் சமம், தனியார் அதற்கு மேல் தந்தால்தான் லாபம்.

புதிய கார் சில வாரம் கழித்து வருவதாக இருந்தால், பழைய காரின் விலை அதுவரை மாறாது என்பதை எழுதி வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். காரை ஒப்படைக்கும்போது தேதி, நேரம், ஓடோமீட்டர் அளவு குறித்த ரசீதைப் பெறுங்கள். பதிவில் பெயர் மாறும் வரை அபராதமும், சில நேரங்களில் விபத்து வழக்கும்கூட பழைய உரிமையாளரைத் தேடி வரலாம். ஆகையால் பெயர் மாற்றம் உறுதியாகும் முன் காப்பீட்டை ரத்து செய்ய வேண்டாம். காரின் திரையில் சேமிக்கப்பட்டிருக்கும் தொலைபேசி எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்து, கைபேசியில் உள்ள காரின் செயலியிலிருந்து வெளியேறிவிட்ட பிறகே சாவியைக் கொடுங்கள்.