டிவிஷன் 2 கூடைப்பந்து அணிக்குப் பள்ளி வீரர்களைச் சேர்ப்பது எப்படி: வீடியோவுக்கு முன் மதிப்பெண் பட்டியல்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் கூடைப்பந்து உதவிப் பயிற்சியாளராகப் புதிதாகச் சேர்ந்தவருக்கான செய்முறை இது. எடுத்துக்கொண்டிருப்பது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் டிவிஷன் 2, ஆண்கள் அணி. டிவிஷன் 1-ல் விதியும் வேறு, பணமும் வேறு. டிவிஷன் 3-ல் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. ஆட்டத்தின் அடிப்படையும், பள்ளி அணி எது, கோடையில் ஆடும் ஏஏயூ கிளப் அணி எது என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம்.

படி 1: எத்தனை இடம், எவ்வளவு பணம்

ஒரு கூகுள் ஷீட் திறந்து, இப்போதுள்ள வீரர்களை வரிசையாக எழுதுங்கள். ஆடும் இடம், படிப்பு முடியும் ஆண்டு, வாங்கும் உதவித்தொகை என்று மூன்று பத்திகள் போதும். மாதச் சந்தா கட்டும் ஆள்சேர்ப்பு மென்பொருள் முதல் வருடம் வேண்டாம். அதில் தகவல் நிரப்பவே ஒரு பருவம் போய்விடும்.

டிவிஷன் 2 ஆண்கள் கூடைப்பந்துக்கு உச்சவரம்பு 10 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகை. அதை எத்தனை பேருக்கும் பிய்த்துக் கொடுக்கலாம். ஒரு வருடச் செலவு 28,000 டாலர் என்று வையுங்கள். மொத்தம் 2,80,000 டாலர். அதை 14 பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். இந்த வருடம் மூன்று பேர் வெளியேறுகிறார்கள், அவர்கள் வாங்கியது 0.9, 0.8, 0.7 என்றால் உங்கள் கையில் மிஞ்சுவது 2.4. மூன்று பேர் போகிறார்கள் என்பதற்காக மூன்று முழுத்தொகை கையில் இருப்பதாக நினைத்து வாக்குக் கொடுத்தவர்கள்தான் ஏப்ரலில் விழிக்கிறார்கள். இன்னொன்று: பல கல்லூரிகள் அந்த 10-ஐ முழுதாகத் தருவதே இல்லை. உங்கள் விளையாட்டுத் துறை இயக்குநரிடம் உண்மையான எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் இந்தக் கணக்கில் சேராது. படிப்புக்கான உதவித்தொகையையும் அதையும் முதலில் போட்டு, மிச்சமுள்ள ஓட்டையை மட்டும் விளையாட்டுப் பணத்தால் அடைப்பதே டிவிஷன் 2 சமையல். நன்றாகப் படிக்கும் பையன் உங்களுக்கு மலிவு. மதிப்பெண் பட்டியலை முதலில் கேட்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம். பெரிய காரணம் படி 3-ல் வருகிறது.

படி 2: பெயர்ப் பட்டியல்

காரில் நான்கு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய பகுதியை வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துப் பள்ளிப் பயிற்சியாளர்களைக் கூப்பிட்டு, "உங்கள் பையன்களில் யார் நல்லவன்?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தங்கள் பிள்ளையைத்தான் சொல்வார்கள். "இந்த வருடம் உங்களை அதிகம் தொந்தரவு செய்த எதிரணி வீரர் யார்?" என்று கேளுங்கள். ஒரே பெயர் மூன்று வாயிலிருந்து வந்தால் பட்டியலில் மேலே போகட்டும். 11-ஆம் வகுப்பில் 100 பெயரோடு தொடங்கினால், 12-ஆம் வகுப்பு ஆரம்பிக்கும்போது 25 மிஞ்சினால் சரி.

ஜூலையில் தெற்குக் கரோலினாவின் நார்த் ஆகஸ்டாவில் நடக்கும் பீச் ஜாம் போன்ற பெரிய போட்டிகளுக்குப் போக ஆசை வரும். முதன்மை அரங்கில் ஆடுகிறவர்கள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்கள். நீங்கள் உட்கார வேண்டியது ஒதுக்குப்புற அரங்கில், காலை 8 மணி ஆட்டத்தில். 2016-ல் மரே ஸ்டேட் உதவிப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கேன் ஒரு முகாமுக்கு வேறொரு வீரரைப் பார்க்கப் போனார். தின்பண்டம் தேடி நடந்தபோது பக்கத்துச் சிறிய அரங்கில் மூன்றுக்கு மூன்று ஆடிக்கொண்டிருந்த ஜா மோரன்ட் கண்ணில் பட்டார். அந்த ஜா மோரன்ட், தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புது வீரர்களை எடுக்கும் 2019 டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வானார். மரே ஸ்டேட் டிவிஷன் 1 அணிதான், ஆனாலும் பாடம் நமக்கும் பொருந்தும்.

படி 3: மதிப்பெண் பட்டியல் (அவசரப்படாமல் படியுங்கள்)

நல்ல வீரர் கை நழுவுவது பெரும்பாலும் இங்கேதான். பள்ளி தரும் பட்டியலில் ஜிபிஏ (பாடங்களின் சராசரிப் புள்ளி) 3.0 என்று இருக்கும். வீரருக்குக் கல்லூரியில் ஆடத் தகுதி உண்டா என்று முடிவுசெய்யும் என்சிஏஏ தகுதி மையம் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. உடற்கல்வி, எடைப் பயிற்சி, சமையல், பாட்டு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, 16 முக்கியப் பாடங்களுக்கு மட்டும் தனியாக ஜிபிஏ போடுகிறது. டிவிஷன் 2-ல் ஆட அந்த எண் 2.2 இருக்க வேண்டும். டிவிஷன் 1-க்கு 2.3. எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத் தேர்வு நிபந்தனையை 2023-ல் என்சிஏஏ எடுத்துவிட்டது. அதனால் இப்போது முழுப் பாரமும் இந்த ஒரே எண் மேல்தான்.

டிவிஷன் 2-க்கான 16 பாடங்கள்: ஆங்கிலம் 3, கணிதம் 2, அறிவியல் 2, இந்த மூன்றில் எதிலாவது கூடுதலாக 3, சமூக அறிவியல் 2, மீதி 4 இவற்றிலிருந்தோ வெளிநாட்டு மொழி, தத்துவம் போன்றவற்றிலிருந்தோ.

கணக்கு இப்படி. ஏ 4 புள்ளி, பி 3, சி 2, டி 1. பிளஸ், மைனஸ் எதற்கும் மதிப்பில்லை; பி பிளஸும் 3, பி மைனஸும் 3. 16 பாடத்துக்கு 2.2 என்றால் 35.2 புள்ளி தேவை. 11-ஆம் வகுப்பு முடிவில் ஒரு பையன் 12 முக்கியப் பாடம் முடித்து 25 புள்ளி வைத்திருக்கிறான் என்று வையுங்கள். மீதி நான்கு பாடத்தில் அவனுக்கு 10.2 புள்ளி வேண்டும். இரண்டு பி, இரண்டு சி எடுத்தால் 10, மொத்தம் 35, ஜிபிஏ 2.1875. போச்சு. மூன்று பி, ஒரு சி எடுத்தால் 36, 2.25, தப்பித்தான். ஒரே ஒரு பாடத்தில் ஒரே ஒரு படி. இதை ஆகஸ்டிலேயே பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் காகிதத்தில் போட்டுக் காட்டினால் வேலை நடக்கும். மே மாதம் காட்டினால் அழுகைதான் மிஞ்சும்.

2.0-க்கும் 2.2-க்கும் இடையில் நிற்பவர் பகுதித் தகுதி பெறுவார். முதல் வருடம் உதவித்தொகை வாங்கலாம், பயிற்சி செய்யலாம், ஆட்டத்தில் இறங்க முடியாது.

தடுமாறும் இடங்கள் இவை:

பாடத்தின் பெயர் "கணிதம்" என்றிருப்பதால் மட்டும் அது கணக்கில் சேராது. ஒவ்வொரு பள்ளிக்கும் தகுதி மையம் அங்கீகரித்த பாடப் பட்டியல் ஒன்று இணையத்தில் இருக்கிறது. பள்ளியின் ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்டுத் தேடி, மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அங்கே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். அல்ஜீப்ரா 1-ஐ இரண்டு வருடமாக நீட்டிப் படித்திருந்தாலும் ஒரு பாடம்தான். தோற்றதைத் திரும்ப எழுதினாலும் ஒன்றுதான், அதில் நல்ல மதிப்பெண் எடுத்துக்கொள்ளப்படும். கோடையில் இணையவழியில் எழுதிய பாடம் அங்கீகாரம் பெறாததாக இருந்தால் பூஜ்யம். ஆனர்ஸ், ஏபி எனப்படும் உயர்நிலைப் பாடங்களுக்கான கூடுதல் புள்ளியும் பள்ளி முன்கூட்டியே மையத்துக்குத் தெரிவித்திருந்தால்தான்.

டிவிஷன் 1-ல் இன்னொரு முடிச்சு உண்டு. 16-ல் 10 பாடத்தை 12-ஆம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும், அதில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும். அந்தப் பத்தின் மதிப்பெண்ணும் அப்போதே பூட்டப்பட்டுவிடும். டிவிஷன் 2-ல் இந்தப் பூட்டு இல்லை. ஆகவே 10-ஆம் வகுப்பில் கோட்டைவிட்டுத் தாமதமாக விழித்துக்கொண்ட திறமைசாலிகள் டிவிஷன் 1-ன் வலையிலிருந்து வழுக்கி வருவார்கள். மதிப்பெண் பட்டியலைப் படிக்கத் தெரிந்த உதவிப் பயிற்சியாளருக்கு இது தங்கச் சுரங்கம்.

படி 4: ஆட்டத்தைப் பார்ப்பது

ஆட்ட வீடியோக்களுக்கான ஹடல் தளத்தில் வீரர் தானே வெட்டி ஒட்டிய மூன்று நிமிட வீடியோவில் எல்லோரும் மைக்கேல் ஜோர்டான்தான். பலமான அணியிடம் தோற்ற ஒரு முழு ஆட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு தகவல்.

வீடியோவில் அளக்க வேண்டியது மூன்று புள்ளிக் கோட்டின் தூரம். உயர்நிலைப் பள்ளியில் அது 19 அடி 9 அங்குலம். கல்லூரியில் 22 அடி 1¾ அங்குலம். கிட்டத்தட்ட 73 செ.மீ. வித்தியாசம். கோட்டை மிதிக்கும் நெருக்கத்தில் நின்று போட்டதெல்லாம் கல்லூரியில் நீண்ட இரண்டு புள்ளி. கோட்டுக்கு அந்த 73 செ.மீ.க்கும் மேல் பின்னால் நின்று போட்டதை மட்டும் தனியாக எண்ணுங்கள். பாதிப் பேர் பட்டியலிலிருந்து விழுவார்கள். அடுத்தது ஷாட் கிளாக். பல மாநிலங்களில் பள்ளி ஆட்டத்துக்கு அது இல்லை; கல்லூரியில் 30 நொடி. ஒரு நிமிடம் பந்தைத் தட்டிக்கொண்டே இடம் தேடும் பாயின்ட் கார்டு இங்கே திணறுவார்.

நேரில் போனால் ஆட்டத்துக்கு 40 நிமிடம் முன்பே போய் உட்காருங்கள். கையில் காகித நோட்டு போதும். போனைத் தட்டுகிறவர் பாதி ஆட்டத்தைத் தவறவிடுவார். பந்து கையில் இல்லாதபோது அவர் என்ன செய்கிறார், பந்தைத் தவறவிட்டபின் திரும்பி ஓடுகிறாரா, வெளியே அழைக்கப்பட்டதும் பயிற்சியாளரின் கண்ணைப் பார்க்கிறாரா என்று குறியுங்கள். புள்ளி எண்ணிக்கையை நாளை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஏஏயூ ஆட்டத்தில் தடுப்பாட்டம் தளர்வு, அதனால் அங்கே கண்டவரைப் பள்ளி ஆட்டத்திலும் ஒருமுறை பாருங்கள்.

பிறகு வளர்ச்சி. பெற்றோர், அண்ணன் உயரத்தையும் ஷூ அளவையும் கூச்சப்படாமல் கேளுங்கள். கொலராடோவின் பார்க்கரில் படித்த டெரிக் வைட்டுக்கு டிவிஷன் 1 கல்லூரி எதுவும் உதவித்தொகை தர முன்வரவில்லை. கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள டிவிஷன் 2 அணி எடுத்துக்கொண்டது. அங்கே போனபின் சில அங்குலம் வளர்ந்தார். 2017 டிராஃப்டில் 29-ஆவது தேர்வு. 2024-ல் பாஸ்டன் செல்டிக்ஸுடன் சாம்பியன்.

படி 5: பேச்சு

11-ஆம் வகுப்பு தொடங்கும் முன் வரும் ஜூன் 15-லிருந்து அழைக்கலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், நேரில் சந்திக்கலாம். அதற்கு முன் கேள்விப் படிவமும் முகாம் அழைப்பும் மட்டுமே. எந்த நாளில் கல்லூரிக்கு வெளியே போகக்கூடாது என்பதை என்சிஏஏ நாட்காட்டி வருடா வருடம் சொல்லும். அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் விதிக்காப்பு அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள், செய்துவிட்டுக் கேட்காதீர்கள்.

முதல் அழைப்பு பள்ளிப் பயிற்சியாளருக்கு, இரண்டாவது பையனுக்கு, மூன்றாவது வீட்டில் முடிவெடுப்பவருக்கு. அந்த மூன்றாவது நபர் யார் என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அம்மாவாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், ஏஏயூ பயிற்சியாளராகக்கூட இருக்கலாம். தொகையைச் சொல்லும்போது சதவீதத்தில் சொல்லாமல், "வருடத்துக்கு உங்கள் கையிலிருந்து இவ்வளவு டாலர்" என்று சொல்லுங்கள். வாய்மொழி வாக்கு யாரையும் கட்டாது. உங்களையும் கட்டாது என்றாலும், மீறினால் அந்தப் பள்ளிக் கதவு அடுத்த பத்து வருடத்துக்குச் சாத்திவிடும்.

படி 6: வரவழைத்து ஆடவிட்டுப் பார்ப்பது

டிவிஷன் 2-ன் பெரிய அனுகூலம் இதுதான்: பையனைக் கல்லூரிக்கு அழைத்து உங்கள் வீரர்களோடு ஆடவிட்டுப் பார்க்கலாம். ஒரு கல்லூரிக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல், பள்ளிப் பருவம் முடிந்த பிறகு. மருத்துவப் பரிசோதனைச் சான்று முன்கூட்டியே வேண்டும். குடும்பம் மூன்று மணி நேரம் வண்டியோட்டி வந்தபின் அந்தக் காகிதம் இல்லையென்று தெரிந்தால் அன்றைய நாள் வீண். கல்லூரி செலவில் அழைப்பதானால் 48 மணி நேரம்தான். அதில் ஒரு மணி நேரத்தைப் பாட ஆலோசகருக்கு ஒதுக்குங்கள், இரவில் உங்கள் வீரர்களோடு விடுங்கள். மறுநாள் காலை அந்த வீரர்களிடம், "இவனோடு ஒரே அறையில் தங்குவீர்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

பின்சேர்க்கை: போர்ட்டல், கையெழுத்து

கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. இப்போது டிவிஷன் 1 அணிகள் பள்ளிப் பையனைவிட 22 வயதுக்காரரையே விரும்புகின்றன. அதனால் ஏப்ரலில்கூட நல்ல பள்ளி வீரர்கள் இடமின்றி நிற்கிறார்கள். நவம்பரிலேயே எல்லாப் பணத்தையும் கொட்டாமல் ஒரு முழுப் பங்காவது கையில் வையுங்கள். மறுபக்கம், வளர்த்துவிட்ட ஆள் மேலே பறப்பார். நார்த்வெஸ்ட் மிசூரி ஸ்டேட் பயிற்சியாளர் பென் மெக்காலம் 2024-ல் டிரேக்குக்கு மாறியபோது பென்னட் ஸ்டர்ட்ஸ் உள்ளிட்ட வீரர்கள் அவரோடு போனார்கள், அந்தப் பருவத்தில் டிரேக் 31 ஆட்டங்களை வென்றது. ஆகவே 10, 11-ஆம் வகுப்புப் பட்டியலை எப்போதும் உயிரோடு வைத்திருங்கள்.

இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று வீரர் கையெழுத்திடும், 1964-லிருந்து இருந்துவந்த தேசிய விருப்பக் கடிதம் என்ற காகிதம் 2024 அக்டோபரோடு போய்விட்டது. பழைய வழிகாட்டிகளில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும், தாண்டிப் போங்கள். கையெழுத்தாவது உதவித்தொகை ஒப்பந்தத்தில்தான்.

கையெழுத்தான அன்றே செய்ய வேண்டியது ஒன்று: தகுதி மையத்தின் தளத்தில் உங்கள் கல்லூரியின் கோரிக்கைப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு கல்லூரி அப்படிச் சேர்க்காதவரை மையம் அவர் கோப்பைத் தொடாது. ஏப்ரல் 1-க்குப் பிறகு, தொழில்முறை வீரரல்ல என்ற இறுதிச் சான்றுக்கான கோரிக்கையை அவரே தன் கணக்கிலிருந்து அழுத்த வேண்டும். ஜூனில், பட்டமளிப்புத் தேதி பொறித்த இறுதி மதிப்பெண் பட்டியலைப் பள்ளி நேரடியாக மையத்துக்கு அனுப்ப வேண்டும். பையன் ஸ்கேன் செய்து அனுப்பினால் செல்லாது. பள்ளி அலுவலகம் கோடை விடுமுறைக்குப் பூட்டுமுன் ஆலோசகரைப் போனில் பிடியுங்கள்.